நாற்காலி கொடுத்தால் போதுமா?

 

சக்கர நாற்காலி ஒன்றை வாங்கிக் கொடுத்ததும் கடமை முடிந்ததென நாம் நினைத்துவிடுகிறோம். அதில் அமர்ந்த பிள்ளை வாசலைத் தாண்டியதா என்று கேட்பதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர்கள், 1940-களில் நாற்காலியில் அமர்ந்தே கூடைப்பந்து ஆடத் தொடங்கினார்கள். 1960-ல் ரோம் நகரில் நடந்த முதல் பாராலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது.

கூடையின் உயரம் அதே 3.05 மீட்டர்தான், ஆட்டமும் 40 நிமிடம். உடல் இயக்கத்துக்கேற்ப ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி. களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக்கூடாது. அதனால் அதிகம் பாதிக்கப்பட்டவருக்கும் அணியில் இடமுண்டு.

இங்கே ஓடுவதும் தோள், எறிவதும் தோள். எனவே தள்ளும் பயிற்சியோடு பின்னால் இழுக்கும் பயிற்சியும் வேண்டும். இல்லையேல் தோள்வலி முடக்கிவிடும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சரியாக வியர்க்காது, உடல் சூடேறிவிடும். தண்ணீரும் நிழலும் அவசியம். புண் வராமலிருக்க, கைகளை ஊன்றி அடிக்கடி உடலைத் தூக்கிவிட வேண்டும்.

காஷ்மீரின் பாரமுல்லாவைச் சேர்ந்த இஷ்ரத் அக்தர், 2016-ல் மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். 2019-ல் தாய்லாந்தில் இந்திய மகளிர் அணிக்காக ஆடினார். அவரும் ஒரு வீட்டின் பெண்பிள்ளைதான்.

நம் வீடுகளில் நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். யார் என்ன சொல்வார்களோ என்று மறைத்து வைக்காதீர்கள். நாற்காலி கொடுத்த நாமே பந்தையும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.