மலையகம் என்னும் பெயர்



வாழும் மண்ணின் பெயரால் மக்கள் அழைக்கப்படுவது உலக இயல்பு. இலங்கையின் தேயிலை மலைகளில் அவ்வியல்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1947 தேர்தலில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது தலவாக்கலைத் தொகுதி. மறு ஆண்டே வந்தது குடியுரிமைச் சட்டம். தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் நாள்தோறும் கூப்பிடப்பட்ட பெயர், வாக்காளர் பட்டியலில் மட்டும் இல்லாது போயிற்று. 1964 ஒப்பந்தமோ அம்மக்களை இரு நாடுகளுக்கிடையே தொகை குறித்துப் பங்கிட்டது.

அரசின் ஏடுகள் அவர்களை 'இந்தியத் தமிழர்' என்றன. 2012 குடிமதிப்பிலும் அப்பெயரே நின்றது. அவர்களோ தம்மை 'மலையகத் தமிழர்' என்றனர். பிறந்த லயமும் கொழுந்து பறித்த மலையும் தமக்குரியவை என்னும் உரிமைக்குரல் அச்சொல்லில் உண்டு.

அக்குரலைச் சி. வி. முன்னரே கேட்டார். தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். எஞ்சிய நாடற்றோரைக் குடிமக்களாக ஏற்ற சட்டம் 2003-இல் வந்தது. 1984-இல் மறைந்த அவர் அதனைக் காணவில்லை. எனினும், பட்டியலில் இடம்பெறாத மக்கள் அவர் தொகுத்த பாட்டில் இடம்பெற்றிருந்தனர். கவிஞர் கடன் யாதென்பதற்கு அதுவே சான்று.