நிலமும் பொழுதும்: நிலத்தோற்ற வடிவமைப்பைக் கற்றல்



உயிரியலையும் ஓவியத்தையும் ஒருங்கே விரும்பும் மாணவர் மேற்படிப்புப் பற்றிக் கேட்டால், நாம் மருத்துவம், பொறியியல் என்றே தொடங்குகிறோம். நிலத்தோற்ற வடிவமைப்பு நம் நாவில் வருவதில்லை. அதனைத் தோட்டவேலை என்று எண்ணுவோரும் உளர். பூங்கா, ஆற்றங்கரை, அடுக்குமாடிகளுக்கு இடைப்பட்ட வெளி ஆகியவற்றில் மண், நீர், மரம், மக்கள் நடமாட்டம் அனைத்தையும் ஒருசேரத் திட்டமிடும் துறை அது.

காலாங் ஆற்றைச் சான்றாகக் கொள்வோம். பீஷான் - அங் மோ கியோ பூங்காவை ஒட்டி அது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. மழைநீரை விரைந்து வெளியேற்றுவதே அதன் பணி. 2012இல் அது பூங்காவுக்குள் 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆறாக மாறிற்று. கரைகளை இப்போது வேர்களும் கற்களும் பிடித்து நிற்கின்றன. எம்முறையில் நட்டால் வெப்பமண்டலப் பெருமழையிலும் கரை நிற்கும் என்றறிய, முதலில் 60 மீட்டர் நீளத்தில் 10 முறைகளைச் சோதித்து, அவற்றுள் 7ஐத் தேர்ந்தனர். பெயர்த்தெடுத்த கான்கிரீட் பாளங்கள் பூங்காவிலேயே ஒரு குன்றாயின. மழை மிகுந்தால் ஆறு புல்வெளிமேல் பரவும். வடிந்தபின் அங்கேயே குழந்தைகள் விளையாடுவர். அழகுக்கென ஒரு வரைபடமும் வடிகாலுக்கென வேறொன்றும் அங்கு இல்லை.

கட்டடம் பெரும்பாலும் திறப்புவிழா நாளில் முழுமை பெறுகிறது. மரமோ அன்றுதான் தொடங்குகிறது. ஆதலின் இத்துறை மாணவர் இருபது ஆண்டுக்குப் பிந்தைய நிழலையும் வரைந்தாக வேண்டும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. அது செய்யுளுக்குரிய இலக்கணமே. பூங்கா அமைக்கும் கையேடு அன்று. மேடைகளில் நாம் அவ்வாறு பெருமை பேசுவது முறையாகாது. எனினும் நிலம், பொழுது, அவற்றிற்குரிய மரமும் பறவையும் என்னும் வரிசையில் எண்ணப் பழகிய மாணவருக்கு இக்கல்வியின் முதல் வினாக்கள் அந்நியமாகத் தோன்றா.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2009இல் இத்துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கிற்று. மலேசியாவில் புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இளநிலையிலேயே இதனைக் கற்கலாம். விண்ணப்பத்துக்கு ஓவியத் தொகுப்பு ஒன்றைச் சேர்க்க நேரின், பத்து மலர்களை வரைவதினும், பள்ளித் திடலில் மழைநீர் எங்குத் தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று வரைந்து காட்டுவது மேல்.

பட்டம் பெற்றபின் முதற்சில ஆண்டுகள் பெருங்கனவுகளுக்கு உரியன அல்ல. மரக் கணக்கெடுப்பு, செடிப் பட்டியல், நடவு வரைபடம், ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் என்றே நாள்கள் கழியும். அக்காலத்தில்தான் பணித்தளத்துக்கு அடிக்கடி செல்ல வேண்டும். அங்கே மண் வெட்டி மரம் நடுவோருள் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். அவர்களிடம் மட்டம், வாட்டம், மேல்மண், தாய்மண் என்னும் சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. தண்டும் வேரும் கூடுமிடம் புதையுமாறு ஆழமாக நட்டால் மரம் மெல்ல நலிந்து சாகும். வரைபடத்தில் அது தெரியாது, குழியருகே நிற்பவருக்குத் தெரியும். அவரிடம் தமிழில் கேட்டறிய வல்ல இளம் வடிவமைப்பாளர் நம் வகுப்பறைகளிலிருந்து செல்லவேண்டும். ஆனால் நம் பாடநூல்களில் வாட்டம் என்றால் சோர்வு மட்டுமே. நீர் ஓடுதற்கு விடும் சரிவும் வாட்டமே என்பதை ஆசிரியர்கள் இவ்வாண்டே வகுப்பில் சொல்லத் தொடங்கலாம்.