கட்டுரை வகுப்பின் கடைசி நாள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை அதிக நேரம் உட்கார வைப்பது பாவம். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். ஆறாம் ஆண்டுக் கட்டுரை வகுப்பின் கடைசி ஒரு மணி நேரத்தை எப்படி நடத்துவது என்பதே அது.

இதென்ன பெரிய காரியம் என்று எண்ணாதீர்கள். 1988 முதல் 2019 வரை நம் பிள்ளைகள் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினார்கள். தேர்வு முடிந்தால் கட்டுரை நோட்டுக்கும் வேலை முடிந்தது. அப்புறம் கேரம்தான், பந்துதான்! 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இனிமேல் அந்தக் கடைசி வகுப்பைப் பிள்ளைக்காகவே நடத்தலாம்.

இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டும்தான். அதுவும் தானாக வந்துவிடாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டால்? சில பிள்ளைகள் தமிழில் கட்டுரை எழுதுவது அன்றோடு சரி.

ஆகவே, அன்றைக்குச் சிவப்பு மை வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய முதல் கட்டுரையைக் கையில் கொடுங்கள். ‘நான் ஒரு குடை’ என்று எழுதியிருப்பான். 10 நிமிடம் படிக்கட்டும்; அவனுக்கே சிரிப்பு வரும். எந்த வரி இப்போது பிடிக்கவில்லை, ஏன் என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கட்டும். எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த 20 நிமிடம், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு கடிதம். ‘கதிரவன் பொற்கரம் நீட்டினான்’ என்று மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்க வேண்டாம். அந்தக் கதிரவன் எழுவதற்கு முன்னேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பால் வெட்டப் போகிறாரே, அதை எழுதட்டும். செம்பனைக் குலை தூக்கி அப்பாவின் தோள் காய்த்திருக்கிறதே, அதை எழுதட்டும். இரண்டு எழுத்துப் பிழை இருந்தாலும் போகட்டும்.

மீதி அரை மணி நேரம் பெற்றோரை வகுப்புக்குள் அழையுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிக்கட்டும். தோட்டப் பள்ளியில் மாணவர் தொகை குறைந்துபோச்சே என்று வருந்துகிறோம். இந்த ஒரு காரியத்துக்கு அது வசதி, எல்லாருக்கும் நேரம் கிடைக்கும். பால் நிறுத்து முடிந்தபின் பிற்பகலில் வைத்தால் யாருக்கும் அரைநாள் சம்பளம் போகாது. “எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் வந்து என்ன செய்ய?” என்று சில தாய்மார்கள் கேட்பீர்கள். காது கேட்கிறதல்லவா, அது போதும் அம்மா.

வாசித்து முடிந்ததும், இடைநிலைப் பள்ளியில் தமிழ் வேண்டும் என்ற விண்ணப்பம் மேசைமேல் தயாராக இருக்கட்டும். அந்தச் சூட்டோடு கையெழுத்துப் போடுங்கள். 15 பேர் சேரவில்லையா? பக்கத்துத் தோட்டப் பள்ளிப் பெற்றோரைப் போய்ப் பாருங்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே இடைநிலைப் பள்ளிக்குத்தானே போகிறார்கள்.