வயிறும் அறிவும்

 

பிள்ளைக்கு உணவு செரிக்காவிடில் வயிற்று மந்தம் என்கிறோம். பாடம் ஏறாவிடில் புத்தி மந்தம் என்கிறோம். இவ்விரு மந்தங்களுக்கும் தொடர்பு உண்டென்பதை நாம் உணர வேண்டும்.

கருவுற்ற நாள் தொட்டு இரண்டு வயது நிறையும் வரையுள்ள ஏறத்தாழ 1,000 நாட்களில் மூளை மிக விரைந்து வளர்கிறது. அதற்குரிய சத்து, பிறந்தபின் குடல் வழியாகவே சேர வேண்டும். அசுத்த நீரால் நோய்க் கிருமிகள் ஓயாது புகுந்தால் குடலின் உட்சுவர் நைந்துபோகும். உண்டது உடலில் ஒட்டாது. மலத்தால் கெட்ட மண்ணிலிருந்து கொக்கிப்புழு வெறுங்காலைத் துளைத்து ஏறி, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தத்தோடு இரும்புச் சத்து குறையும், கவனமும் குன்றும். அத்தகைய பிள்ளையையும் சோம்பேறி என்று நாம் கடிந்திருக்கிறோம்!

ஆதலின், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே தருவோம். அது குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் வளர்க்கிறது. பேதி கண்டால் உப்புக் கரைசலுடன், சுகாதாரச் செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பின்னும் விடாது 14 நாட்கள் கொடுப்போம். 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளோர் ஒருவரும் விடுபடாது மாத்திரை பெறச் செய்வோம்.

ஊராட்சிக்கு ஒரு வேண்டுகோள். குடிநீர்த் தொட்டியைத் தவணை தவறாது கழுவிக் குளோரின் இடுவதும், கழிப்பறைகளைப் பயன்பாட்டில் வைப்பதும் சில்லறை வேலைகள் அல்ல. அவை கல்விப் பணியே. பழுதான சாலையை அடுத்த ஆண்டு செப்பனிடலாம். கடந்துபோன 1,000 நாட்களை எத்திட்டத்தாலும் மீட்க இயலாது.