வெற்றிடக் குழலும் ஏரி மதகும்

பெரம்பலூர், அரியலூர் மண்ணின் தமிழன்பர்களே!

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கியது. அற்றை நாளில் இவ்விரு ஊர்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அக்கால வானொலிப் பெட்டியைத் திருகிய உடனே பாட்டு வந்துவிடாது. உள்ளேயிருந்த கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் செவ்வொளி படர்ந்த பின்னரே குரல் எழும். அக்குழலை ஊரார் ‘வால்வு’ என்றனர். அச்சொல்லின் பொருள் யாதென வினவியோர் எத்தனை பேர்?

1904இல் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர், காற்றகற்றிய குமிழினுள் ஓர் இழையைச் சூடாக்கினார். இழையினின்று கிளம்பிய மின்னணுக்கள் எதிரேயிருந்த தகட்டை அடைந்தன. தகட்டினின்று இழைக்குத் திரும்பவில்லை. மின்னோட்டம் ஒருவழியே சென்றதால், நீரை ஒருபக்கமே விடும் குழாயடைப்பின் பெயர் அக்கருவிக்கு வந்தது. 1906இல் அமெரிக்கராகிய தி பாரசுட்டு, இழைக்கும் தகட்டுக்கும் இடையே வளைகம்பி ஒன்றை வைத்தார். அது இறைச்சி வாட்டும் இரும்புச் சட்டம் போன்றிருந்ததால் ‘கிரிட்’ எனப்பட்டது. ஒன்று குழாய்ச் சொல். மற்றொன்று அடுப்படிச் சொல். ஆங்கிலச் சிறுவனுக்கு அவை கேட்டவுடனே விளங்கின. தமிழ்ச் சிறுவனுக்கோ அவை வெற்றொலிகள்!

செய்தவரே கருவியை முற்ற உணர்ந்துவிடுவதில்லை. குழலில் சிறிது வளி எஞ்சியிருத்தல் வேண்டும் எனத் தி பாரசுட்டு கருதினார். வளியை நன்கு அகற்றினால்தான் குழல் செவ்வனே இயங்கும் எனப் பின்வந்தோர் நிறுவினர். அத்தகைய குழல்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்ட தென்னாப்பிரிக்கர் வான் தெர் பைல், 1920இல் வெற்றிடக் குழலைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். ஆய்வகத்தில் கற்றது நூலாயிற்று. அந்நூல் பொறிஞர் பலர்க்கு ஆசானாயிற்று.

தமிழர்க்குக் கைத்திறன் குறைவா? ஐந்து குழல் கொண்ட வானொலிப் பெட்டியை 70 உருபாவுக்குச் செய்ய இயலும் என 1941இலேயே அறிவித்தவர் கோவை ஜி.டி. நாயுடு. பெ.நா. அப்புசுவாமி போன்றோர் அறிவியலைத் தமிழில் எழுதி வழிகாட்டினர். ஆயினும், குழலின் ஒளியைக் கண்டும் பெட்டியின் இரைச்சலைக் கேட்டும் பழுதை அறிந்த கைவினைஞர்தம் பட்டறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அவர்களோடு அதுவும் மறைந்து வருகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தருகே இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என வழங்குகிறது. அக்கரையில் வாழும் உழவரிடம் இவ்வாறு கூறிப் பாருங்கள்: சூடான இழை ஏரி; தகடு வயல்; இடைநிற்கும் கம்பிவலை மதகுப் பலகை. பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் பெருநீர் கூடும், குறையும். அவ்வாறே, வானலை கொணர்ந்த நுண்ணிய மின்னழுத்தம் வலையில் ஏறி இறங்க, குழலில் ஓடும் மின்னோட்டமும் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது. மெலிந்த ஒலி வலுப்பெறுகிறது. இதனை விளங்கிக்கொள்ள அவ்வுழவருக்கு ஆங்கிலம் வேண்டுமா? இழையும் தகடும் கொண்டது இருமுனையம்; வலையும் சேர்ந்தால் மும்முனையம். பெயரே பாடம் சொல்லவில்லையா?

“குழலே வழக்கொழிந்த பின் அதற்குத் தமிழ்ச்சொல் எதற்கு?” என்பர் சிலர். 1947இல் திரிதடையம் எனும் டிரான்சிசுட்டர் பிறந்தபின் குழல்கள் பரணேறியது மெய்யே. ஆனால், சிறியதைக் கொண்டு பெரியதை ஆளும் நெறி மறையவில்லை. இற்றைக் கணிப்பொறிச் சில்லிலுள்ள நுண்ணிய திரிதடையங்களிலும் மின்னோட்டத்தை ஆளும் முனைக்கு ஆங்கிலத்தில் ‘வாயில்’ என்னும் பொருளுடைய பெயரே உள்ளது. மதகை அறிந்தவர்க்கு அவ்வாயில் அயலாகுமா?

ஆதலின் அன்பர்களே, உங்கள் ஊரில் பழைய வானொலிப் பெட்டிகளைச் செப்பனிட்ட முதியோரைத் தேடிச் செல்லுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி, படம் வரைந்து, பெயர் சூட்டி நூலாக்குங்கள். கையறிந்தது ஏடேறட்டும், ஏடேறியது இளையோர் நெஞ்சேறட்டும்!