உரிமைக்கும் மொழி வேண்டும்

(அம்பத்தூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிக்காப்பு என்பது கலைச்சொல் ஆக்குவதும் பெயர்ப்பலகை மாற்றுவதும்தான் எனச் சிலர் எண்ணுகின்றனர். சிறைக்கதவின் முன்னும் மொழி நிற்கிறது என்பதை அவர்கள் கருதுவதில்லை. ஒருவனுடைய உரிமை அவன் அறியாத மொழியில் இருக்குமாயின், அவ்வுரிமை அவனுக்கு இருந்தும் இல்லாததே. இதனை உணர்த்தும் ஒரு சட்ட ஆசிரியரின் பணியைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவராய் இருந்த முனைவர் குமாரவடிவேல் குருபரன்.

அவர் பணியாற்றிய மண்ணின் சட்டத்தை முதலில் அறிதல் வேண்டும். 1979இல் இலங்கை அரசு 'பயங்கரவாதத் தடைச்சட்டம்' என்று பெயரிட்டு ஒரு சட்டம் இயற்றியது. சிறிது காலத்திற்கே என்று சொல்லிக் கொணர்ந்ததை 1982இல் நிலையாக்கியது. காவல் அலுவலரிடம் தந்த ஒப்புதலுரையே சான்றாகும் என்பது அதன் கொடுக்கு. சிங்கராசா வழக்கைப் பாருங்கள். தமிழ் மட்டுமே அறிந்த அவருடைய ஒப்புதலுரை சிங்களத்தில் எழுதப்பட்டது. அதில் அவருடைய பெருவிரல் பதிக்கப்பட்டது. அதனையே சான்றாகக் கொண்டு 1995இல் 50 ஆண்டுச் சிறை விதித்தனர். பின்னர் 35 ஆண்டாகக் குறைத்தனர். வழக்கு முறையாக நடக்கவில்லை என 2004இல் ஐ.நா. மாந்தவுரிமைக் குழு கூறியது. ஆயினும் 2006இல் இலங்கை உச்ச வழக்குமன்றம் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததுதானே என்று நாம் வாளா இருத்தல் இயலாது. இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பூந்தமல்லியைப் பாருங்கள். இராசீவ் காந்தி கொலை வழக்கில், 1998 சனவரி 28 அன்று அங்கிருந்த தடாத் தனிமன்றம் 26 பேருக்குச் சாவொறுப்பு விதித்தது. 1999இல் இந்திய உச்ச வழக்குமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக்குற்றத்தினின்று விடுவித்தது. தடாச் சட்டம் இவ்வழக்குக்குப் பொருந்தாது என்றும் கூறியது. எனினும், அச்சட்டத்தின்படி காவல் அலுவலர் பெற்ற ஒப்புதலுரைகளைச் சான்றாக ஏற்றது! பேரறிவாளன் கூறியதில் ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அலுவலரே 2013இல் வெளிப்படுத்தினார். பேரறிவாளன் விடுதலை பெற்றதோ 2022 மே 18 அன்று. கொலையைக் கண்டிப்பது வேறு. நயன்மையற்ற சட்டத்தைக் கண்டிப்பது வேறு. இரண்டையும் செய்வதே அறம்.

இத்தகைய சட்டங்களின் நிழலில்தான் குருபரன் சட்டம் கற்பித்தார். கற்பித்ததோடு நின்றாரில்லை. 1996இல் நாவற்குழியில் படையினர் பிடித்துச் சென்ற இளைஞர் 24 பேர் காணாமற் போயினர். அவர்களுள் சிலருடைய பெற்றோர்க்காக, 2017இல் யாழ்ப்பாண உயர்வழக்குமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு முறையீட்டில் அவர் தோன்றி வாதாடினார். "எம் பிள்ளை எங்கே?" என்பதே அப்பெற்றோரின் கேள்வி. 21 ஆண்டுகள் கடந்தும் விடை பெறாத கேள்வி! படைத்துறை அவர்மீது முறையிட்டது. 2019இல் பல்கலைக்கழக மானியக்குழு, அவர் வழக்காடலாகாது எனத் தடுத்தது. அத்தடையை எதிர்த்து அவரும் வழக்குத் தொடுத்தார். முடிவில், 2020 சூலையில் ஆசிரியப் பணியைத் துறந்தார். பதவியை விடுத்து வழக்காடும் உரிமையைப் பற்றினார்.

பெருமக்களே! அவரைப் போற்றுவதோடு நம் கடன் முடிந்துவிடாது. 1962இல் அரிகிசன் வழக்கில் இந்திய உச்ச வழக்குமன்றம், தடுப்புக்காவலில் இருப்பவர்க்கு அவர் அறிந்த மொழியிலேயே கரணியங்களைத் தருதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இது நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை உயர்வழக்குமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் எனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் முடிவெடுத்தது. இன்றுவரை அது நிறைவேறவில்லை. தன் வழக்கில் தனக்காக என்ன பேசப்படுகிறது என்பதை அறியாமல் தமிழன் தன் நாட்டிலேயே நிற்கின்றான்.

ஆதலால், இளையோரே, சட்டம் பயிலுங்கள். பயின்றதைத் தமிழில் எழுதுங்கள். கையொப்பம் இடுமுன் "என் மொழியில் தருக" என்று கேட்க, படிப்பறிவில்லாத நம் மக்களுக்கும் கற்பியுங்கள். சிறைக்கதவின் முன் நிற்கும் தாய்க்குப் புரியும் மொழியில் சட்டம் பேசும் நாளே நாம் உரிமை பெற்ற நாள்.

வாழ்க தமிழ்! வெல்க அறம்!