யூகான் ஆற்றில் ஏழாண்டுத் தடை



கனடாவின் மலைகளில் பிறந்து, அலாஸ்காவைக் குறுக்கே கடந்து, பெரிங் கடலில் கலக்கிறது யூகான் ஆறு. நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். இதன் மேல்பகுதி ஓடைகளில் பொரிக்கும் சினூக் சால்மன் கடலுக்குப் போய், சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்புகிறது. ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரையெடுப்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பை மட்டுமே நம்பி அத்தனை தூரமும் எதிர்நீச்சல் போடுகிறது. முட்டையிட்டதும் இறந்துபோகிறது.

அந்தக் கொழுத்த மீன்தான் கரையோர மக்களுக்குக் குளிர்கால உணவு. யூப்பிக், அதபாஸ்கன் பழங்குடிக் குடும்பங்கள் கோடையில் ஆற்றங்கரை முகாம்களில் கூடி, மீனை அறுத்து, உலர்த்தி, புகையூட்டிச் சேமிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

இன்று அந்த முகாம்கள் பல வெறிச்சோடிக் கிடக்கின்றன. 2022-இல் எல்லை தாண்டிக் கனடாவுக்குள் சென்ற சினூக் ஏறத்தாழ 12 ஆயிரம்தான். கட்டுப்பாடுகள் முன்பே இருந்தன. 2011 முதல், 7.5 அங்குலத்துக்கு மேல் கண் அகன்ற வலை கூடாது. அகன்ற வலையில் பெரிய மீன்களே சிக்கும். முட்டை அதிகம் சுமப்பவை பெரிய பெண் மீன்கள்தான். அதுவும் போதவில்லை. 2024 ஏப்ரலில் அலாஸ்கா மாநிலமும் கனடாவும் உடன்பாடு கண்டன: ஏழு ஆண்டுகளுக்கு யூகானில் சினூக் பிடிக்கக் கூடாது. விற்பனைக்கும் இல்லை, பொழுதுபோக்குக்கும் இல்லை, வீட்டு உணவுக்கும் இல்லை. சடங்குகளுக்கு மட்டும் சிறு விலக்கு. ஏழாண்டு என்பது சினூக்கின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று. எல்லை தாண்டும் மீன் 71 ஆயிரமாக வேண்டும் என்பது இலக்கு.

இந்தத் தடை தேவையானதே. ஆனால் தடை மட்டும் போதுமா? கடல் சூடாகி இரை குறைகிறது. ஆறும் சூடாகிறது: 2019 கோடை வெப்பத்தில், யூகானின் கிளையாறான கொயுகுக்கில், சம் என்னும் இன்னொரு வகைச் சால்மன் வயிற்று முட்டையோடு செத்து மிதந்தது. ஒட்டுண்ணி நோயும் மீனை வழியிலேயே வீழ்த்துகிறது. பெரிங் கடலில் பொலாக் மீனுக்காக இழுவைக் கப்பல்கள் இழுக்கும் வலையில் சால்மனும் சிக்குகிறது. அப்படிச் சிக்கும் சினூக்குக்கு உச்சவரம்பு உண்டு. சிக்குவதில் யூகான் மீன் ஒரு பகுதியே. ஆனாலும், கரையில் வீட்டு உணவுக்கு ஒரு சினூக்கூடப் பிடிக்க முடியாதவர்களுக்கு அது தீராத மனக்குறை.

இழப்பு உணவோடு நிற்பதில்லை. ஏழு வயதில் பாட்டியிடம் மீன் அறுக்கக் கற்கவேண்டிய குழந்தைக்குத் தடை முடியும்போது பதினான்கு வயதாகிவிடும். அந்தக் கைப்பழக்கம் அறுந்துபோகாமலிருக்க, கற்றுக்கொடுக்கவாவது சில மீன்களை அரசுகள் அனுமதிக்க வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் ஆற்றங்கரை மக்களும் உட்கார வேண்டும். கடலில் தவறிச் சிக்கும் சால்மனின் வரம்பு இன்னும் இறுக வேண்டும்.

வலையை மடித்துவைத்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மீதிப் பங்கு கடலில் வலை இழுப்பவர்களுடையது. புகை கக்கி இந்தப் பூமியைச் சூடாக்கும் நாடுகள் எல்லாவற்றினுடையதும்கூட.